பெயிண்டரை இறக்கும் நாற்காலி

வெல்டர் அதிகம் பேசமாட்டார். பட்டறையில் அவருக்கு ஊமைச்சாமி என்று பெயர். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் ஏறிட்டுப் பார்க்காத ஆள். மனைவியின் தம்பி அதே பட்டறையில் ஃபிட்டர். இரும்பை அளந்து வெட்டிக் கொடுப்பது அவன் வேலை. பற்றவைத்துச் சேர்ப்பது இவர் வேலை. அவனை அங்கே சேர்த்துவிட்டதும் இவர்தான். அவனுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். "மாமா பேசாததையும் சேர்த்து நானே பேசிடறேன், வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பான்.

அந்த மச்சான் ஒரு நாள் வெட்டிக் கொடுத்த துண்டு குட்டையாக இருந்தது.

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் உட்கார்ந்து இறங்கும் பலகையைத் தொட்டில் என்பார்கள். மொட்டைமாடி விளிம்பிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளில்தான் அது தொங்கும். வலது கைக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டிய துண்டைப் பொருத்தினால், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு துண்டு வெட்டுவதுதான் முறை. ஆனால் நீள இரும்பு தீர்ந்துபோயிருந்தது. ஏற்றிப்போக வந்த வண்டி வாசலில் நின்றது. இன்னொரு துண்டை வீணாக்கினால் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டு என்று முதலாளி அன்று காலையில்தான் எல்லார் முன்னாலும் மச்சானை வைதிருந்தார்.

"மாமா, ராடைத் திணிச்சு மேல ஓட்டி விட்டுடுங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

வெல்டர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு செய்தார். வெல்டிங் ராடின் மேல்பூச்சைத் தட்டி உதிர்த்து, வெறும் கம்பியை நறுக்கி இடைவெளிக்குள் அடுக்கி, அதன்மேல் பற்றவைத்து மூடினார். வெளியே மீன் செதில் மாதிரி வரிவரியாக அழகாக வந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் உருகி ஒன்றாகியிருக்காது. கம்பிகள் சும்மா படுத்துக் கிடக்கும். ஜன்னல் கிராதிக்கு எல்லாப் பட்டறைகளிலும் செய்கிற வேலைதான். மனிதன் தொங்குகிற இரும்புக்கு எவனும் செய்யமாட்டான். அவர் அதைத் தேய்த்து, செங்காவி பெயிண்டைப் பூசி, ஈரம் காயும் முன்பே வண்டியில் ஏற்றினார்.

அந்தக் கை ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்து வந்த வெயிலில் ஒடிந்தது. தொட்டிலில் இருந்த பெயிண்டர், விழாமல் காக்கும் இடுப்பு வாரின் கயிற்றையும் அதே கையில்தான் கட்டியிருந்தார். கீழே இருந்த தகரக் கொட்டகையின் மேல் விழுந்ததால் உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் தங்கவில்லை.

செய்தி கேட்டு முதலாளி ஓடியபோது வெல்டரையும் கூட்டிப்போனார். ஒடிந்த இரும்புக் கையைத் தூக்கியதும் முறிந்த இடம் தெரிந்தது. கம்பித் துண்டுகள் பல்வரிசை போல வெளியே எட்டிப் பார்த்தன. முதலாளி பார்த்தார். வெல்டரின் முகத்தையும் பார்த்தார். பிறகு பெயிண்டரின் பையிலிருந்து ஒரு மதுபாட்டிலை எடுத்து, திறந்து முகர்ந்து, மூடினார். வெல்டருக்கும் வாசனை அடித்தது. தின்னர். பெயிண்ட் கரைக்கிற தின்னரை அந்த மாதிரி காலி பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளாத பெயிண்டர் உலகத்திலேயே கிடையாது.

"குடிச்சிட்டு ஏறியிருக்கான்யா" என்று முதலாளி பாட்டிலை உயர்த்திக் காட்டிக் கூட்டத்திடம் சொன்னார்.

பெயிண்டர் முன்பு குடித்தவர்தான். விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஆனால் கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. ஒடிந்த கை அன்றே பழைய இரும்போடு உலைக்குப் போனது. வண்டியில் ஏறும்போது முதலாளி வெல்டரின் தோளைத் தட்டினார். "வாயை மூடிக்கிட்டிருக்கறது உனக்குப் புதுசா என்ன?"

அதற்குப் பிறகு வெல்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் பற்றவைப்பைப் பார்த்தாலும் அதற்குள் கம்பி படுத்திருப்பதாகத் தோன்றியது. போட்டதையே வெட்டித் திரும்பப் போட்டார். மனைவிக்குக் காரணம் தெரியாது. டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபை கூடும். யாரோ சொல்லி அங்கே போய்வந்தவள், இவரையும் இழுத்துப் போனாள். ரப்பர் நாற்றமும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக ஒரு கூடம். போதகர் மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சத்தம் போட்டுப் பிரசங்கம் செய்யமாட்டார். வேனுக்குள் பிள்ளைகளை அதட்டி அதட்டித் தொண்டை போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியது வெல்டருக்குள் இறங்கியது. ஒரு குற்றமும் செய்யாத இயேசு, குற்றம் செய்தவர்களுக்காகச் சிலுவை மரத்தில் தொங்கினார் என்றார் போதகர். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, தெரிந்தே ஏறினார் என்றார். பிறகு, "தப்பான ரோட்டுல போறோம்னு தெரிஞ்சதும் வேகத்தை மட்டும் குறைக்கிறோம். அழறோம், காணிக்கை போடறோம். வண்டியைத் திருப்ப மட்டும் மாட்டேங்கிறோம்" என்றார். வெல்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்படித் தொங்கியவரை அவர் அன்று மெய்யாகவே நம்பினார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது போதகர் கையைப் பிடித்துக்கொண்டு, "எதை விட்டுத் திரும்பறீங்க, பிரதர்?" என்றார்.

"நான் பாவி, பாஸ்டர்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றோம்" என்றார் போதகர். அதற்கு மேல் தோண்டவில்லை.

சில வாரம் கழித்து, போதகரின் வேனில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிப்படி ஏற்ற ஆள் வேண்டும் என்றார்கள். வெல்டர் போய் ஒரு காலைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். பெயிண்டர். பெயிண்டருக்கு இவரைத் தெரியாது. "பாத்து, பிரதர். ஒரு தடவை விழுந்தவன், ரெண்டாவது தடவைக்குத் தெம்பில்ல" என்று அவர் சிரித்தபோது, வெல்டரின் உள்ளங்கை வேர்த்து நாற்காலிக் கால் வழுக்கியது.

போதகர் பல மாதமாகப் பெயிண்டரின் வீட்டுக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தாராம். அன்று பெயிண்டர் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னார்.

"அன்னைக்குக் காலையில டீ குடிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல ஒண்ணுமில்ல. குடிச்சிட்டுத்தான் ஏறினேன்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுட்டேன்னு என் பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சிருக்கேன். என்னை நானே கொன்னுக்கப் பாத்தேன். அப்பத்தான் பாஸ்டர் வந்தாரு. என் குடியையும் என் பொய்யையும் ஆண்டவர் காலடியில போட்டுட்டேன். எனக்கும் ஞானஸ்நானம் குடுங்க."

கூடமே ஆமென் என்றது. வெல்டரின் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா" என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு மற்றவர்களை ஏரிக்குக் கூட்டிப்போய் முழுக்குவது சபையின் வழக்கம். பெயிண்டரை அந்தச் சேற்றுக் கரையில் இறக்க முடியாது. அதனால் டயர் கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் ஒரு தகடுத் தொட்டி கட்டி, அவரைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்க ஒரு இரும்பு நாற்காலியும் செய்வது என்று முடிவானது. சபையில் இரும்பு வேலை தெரிந்தவர் வெல்டர் ஒருவர்தான். போதகர் அவரிடம்தான் வந்தார். டயர் கடைக்காரர் தொட்டிக்கு இடம் காட்டிவிட்டு, "பாஸ்டர், டியூபை முக்கற மாதிரி ஆளை முக்கி, குமிழி வருதான்னு பாப்பீங்களோ?" என்று கேட்டார். "குமிழி வந்தா உங்ககிட்டதான் அனுப்புவேன், ஒட்டுப் போட" என்றார் போதகர். எல்லாரும் சிரித்தார்கள்.

நாற்காலிக்கு அளவெடுக்க வெல்டர் பெயிண்டரின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில். சுவரில் கைக்கு எட்டும் உயரம் வரைக்கும் மட்டும் பச்சை அடித்திருந்தது; படுத்தபடியே அடித்தாராம். வெல்டர் நாடாவை இடுப்பில் சுற்றினார். தொடைக்கடியில் நாடாவை நுழைக்கக் காலைத் தூக்கியபோது அது குச்சியாக, கனமில்லாமல் வந்தது.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெயிண்டரின் மனைவி, "குடிகாரனுக்கு சிம்மாசனம் வேறயா? நல்லா அகலமா வைங்க தம்பி, பாட்டில் வச்சுக்க இடம் வேணும்ல" என்றாள்.

"சொல்லட்டும் பிரதர்" என்றார் பெயிண்டர் தணிந்த குரலில். "அவ நாலு வீட்டுல துணி துவைக்கறா. சொல்ல அவளுக்குத்தான் உரிமை. நான் வாங்கிக்கணும்."

வெல்டர் எடுத்த அளவை மறந்துபோய்த் திரும்பவும் எடுத்தார்.

அன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். வெல்டர் மனைவியையும் அவனையும் எதிரே உட்காரவைத்து, திணித்த ராடிலிருந்து தின்னர் பாட்டில் வரைக்கும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை.

"தெரிஞ்சேவா இத்தனை நாள் இந்த வீட்டுல சாப்பிட்டுத் தூங்கினீங்க?" என்றாள்.

மச்சான் எழுந்துவிட்டான். "மாமா, அந்த ஆளே நான் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டான். நிம்மதியா ஜெபம் பண்ணிக்கிட்டுக் கிடக்கான். நீங்க போய் எதுக்குக் கிளறணும்? போலீஸ் வந்தா முதல்ல கேக்கறது யார் வெட்டினதுன்னுதான்."

"நான் பத்தவச்சேன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

"அதைச் சொன்னாப் போதும், என் சோலி முடிஞ்சது."

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், "ஞானஸ்நானம் எடுத்தா எல்லாம் கழுவிப் போயிடும்னுதானே பாஸ்டர் சொல்றாரு? ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தண்ணியில இறங்கிடுங்களேன்" என்றாள். அவள் தம்பிக்காகத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவளைக் கோபிக்க முடியவில்லை.

மறுநாள் வெல்டர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்காகக் காத்திருந்த வேனில் ஏறி, போதகரின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே திரும்பச் சொன்னார். போதகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார். முகம் வெளிறிவிட்டது. அந்தப் பொய்யை நம்பி அவரும் பல மாதம் ஜெபித்திருக்கிறார் அல்லவா.

"ஆண்டவர் என்னை மன்னிப்பாரா, பாஸ்டர்?"

"மன்னிப்பாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." போதகர் இவர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஆனா பிரதர், உங்க பாவத்தை ஒருத்தர் இஷ்டப்பட்டுச் சுமந்தாரு. நீங்க கேக்காமலே இன்னொருத்தர் தலையில அதை ஏத்தி வச்சிருக்கீங்க. அதை இறக்கிட்டு வாங்க. தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது."

"நீங்களும் வருவீங்களா?"

"வாசல் வரைக்கும் வர்றேன். உள்ள நீங்கதான் போகணும்."

பெயிண்டரின் வீட்டுக்குப் போனபோது போதகர் சொன்னபடி வாசலிலேயே நின்றுகொண்டார். நாற்காலி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பெயிண்டர் ஆவலாகக் கேட்டார். வெல்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. முடிந்த பிறகு பெயிண்டர் ஒன்றைத்தான் கேட்டார்.

"எந்தக் கை?"

"வலது."

"வலது பக்கம்தான் சாய்ஞ்சுது" என்றார் பெயிண்டர் தனக்குத்தானே, அந்த ஒன்று மட்டும் திடீரென்று நினைவு வந்ததைப் போல. "அப்ப நான் குடிக்கலையா?"

"பாட்டில்ல இருந்தது தின்னர். நான் முகர்ந்தேன். முதலாளியும் முகர்ந்தாரு."

மூலையில் துணி விழுந்தது. பெயிண்டரின் மனைவி ஓடிவந்து கணவனின் பாதங்களைக் கட்டிக்கொண்டு அவற்றில் முகத்தை வைத்து அலறினாள். வெகுநேரம் அலறினாள். பெயிண்டர் விட்டத்தைப் பார்த்தபடியே, "அங்க அழுதா எனக்குத் தெரியாதுடி. இங்க வா" என்றார்.

அவள் அவர் மார்பில் விழுந்ததும் அவர் முகம் வெல்டரின் பக்கம் திரும்பியது. "செய்யாததுக்கு ஆண்டவர்கிட்ட அழுதேனேடா. பொண்டாட்டி போடற ஒவ்வொரு சாப்பாட்டோடயும் ஒரு பேச்சு தின்னேன், சரிதான்னு. அதையெல்லாம் நீ திருப்பி எடுப்பியா?"

"முடியாதுண்ணே."

"அண்ணன்னு சொல்லாத. வெளிய போ."

வெல்டர் நேரே காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே முதலில் அவரிடம் குடித்திருக்கிறாரா என்றுதான் கேட்டார்கள். பிறகு எழுதிக்கொண்டார்கள். முதலாளி எல்லாவற்றையும் மறுத்தார். இரும்பு உலையில் கரைந்துவிட்டது. மிஞ்சியது இவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான். அது இவரை மட்டும் சிக்கவைக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டு இரவு உள்ளே வைத்து ஜாமீனில் விட்டார்கள். வேலை போனது. தனக்கு எதுவும் தெரியாது என்று மச்சான் எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டறையில் தங்கிக்கொண்டான். அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். மனைவி சமைத்துப் போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையிலும் சிலர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் நகர்ந்தார்கள். நாற்காலி முடிந்து, கட்டி முடித்த தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஞானஸ்நானத்தைப் போதகர் தள்ளிவைத்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று வெல்டர் நினைத்திருந்தார். இறங்கவில்லை. ஆனால் ஜெபிக்கும்போது முன்பு இருந்த திக்கல் இல்லை. "ஆண்டவரே, நான் ராடைத் திணிச்சேன்" என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வந்தது.

ஒரு காலையில் பெயிண்டரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். "அந்த நாற்காலியைக் கொண்டு வரணுமாம். வெட்டற மெஷினும் வேணுமாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வெல்டர் தள்ளுவண்டியில் நாற்காலி, கிரைண்டர், வாடகைக்கு எடுத்த வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றித் தள்ளிப்போனார். பெயிண்டரைக் கட்டிலோடு வாசலுக்கு இழுத்து வைத்திருந்தார்கள். பெயிண்டர் கட்டிலில் இருந்தபடியே நாற்காலியைத் தடவி, முதுகுச் சட்டமும் உட்காரும் சட்டமும் சேரும் இடத்தில் கையை நிறுத்தினார். முழுப் பாரமும் விழுகிற மூலை.

"இதை வெட்டு."

வெல்டர் வெட்டினார். பொறி அடங்கியதும் பெயிண்டர் வெட்டு முகத்தைச் சூட்டோடேயே கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஓட்டையில்லை, கோடில்லை, ஒரே இரும்பு. அவருக்குப் போதவில்லை.

"அந்தப் பக்கம்."

அதுவும் அப்படியே இருந்தது. இப்போது நாற்காலி இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

"திரும்ப ஒட்டு. நான் பாக்கணும்."

வெல்டர் கைவசமிருந்த கறுப்புக் கண்ணாடியை அவரிடம் கொடுத்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முகமூடியை இறக்கினார். வெட்டு முகங்களை முதலில் சரிவாகத் தேய்த்து, அடியிலிருந்து ஒரு வரி ஓட்டினார். நிறுத்தி, கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் துலக்கி, "அடி வரைக்கும் உருகியிருக்கு, பாருங்க" என்று காட்டினார். பெயிண்டர் குனிந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அடுத்த வரி போட்டார். இப்படியே ஒவ்வொரு வரிக்கும்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றார் பெயிண்டர் கண்ணாடியை எடுக்காமலே.

"நினைக்கல."

"தினம் காலையில ஆண்டவர்கிட்ட முடியலன்னுதான் சொல்றேன். அவரும் விடமாட்டேங்கிறாரு. மறுநாளும் அதையே கேக்கறாரு." கண்ணாடியை இறக்கி, கண்ணைக் கசக்கினார். "பாஸ்டர்கிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு."

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. தொட்டித் தண்ணீர் சில்லென்றிருந்தது. மறுநாள் வெல்டரின் வழக்கு கோர்ட்டுக்கு வருவதாக இருந்தது. மச்சான் வரவில்லை. வெல்டரின் மனைவி முற்றத்துக்குள் வராமல் வெளிக் கேட்டருகே நின்றாள். அவ்வளவு தூரமாவது வந்தாள். பெயிண்டரை நாற்காலியில் வைத்து வாரைக் கட்டினார்கள். மேலே உத்திரத்தில் ஓடும் சக்கரத்தில் மாட்டியிருந்த சங்கிலியை யார் இழுப்பது என்று போதகர் சுற்றிலும் பார்த்தார்.

"போட்டவனே பிடிக்கட்டும்" என்றார் பெயிண்டர்.

வெல்டர் சங்கிலியைப் பிடித்தார். கால்கள் தரையை விட்டு எழும்பியபோது பெயிண்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கைப்பிடிகளைப் பற்றிய விரல்கள் வெளுத்தன. விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தரத்தில் தொங்குவது அதுதான் முதல் தடவை. நாற்காலி மெல்ல ஆடி நின்றது. வெல்டர் இறக்க இறக்கத் தண்ணீர் மார்புக்கு வந்தது. எதை விட்டுத் திரும்புகிறீர்கள் என்று போதகர் கேட்டார்.

"குடின்னு சொல்ல வந்தேன் முன்ன. அது இல்ல" என்றார் பெயிண்டர். "ஒருத்தனை வெறுக்கறேன். அதுல இருந்து. பாதி தூரம்கூட வரல, ஆனா திரும்பிட்டேன்."

போதகர் அவர் தலையைத் தாங்கி முழுக்கி எடுத்தார். வெல்டர் அங்குலம் அங்குலமாகச் சங்கிலியை இழுத்து, தொட்டிக்கு வெளியே கொண்டுவந்து, தரைக்கு மேலே தொங்கலில் நிறுத்தி, சங்கிலியைப் பூட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தொட்டிக்குள் இறங்கினார். அதே கேள்வி வந்தது. அவர் எல்லாருக்கும் கேட்கும்படி, கேட்டருகே நிற்பவளுக்கும் கேட்கும்படி, ராடைத் திணித்ததையும் வாயை மூடியிருந்ததையும் சொன்னார். "எனக்காகச் செத்தவரை நம்பறேன். என்கிட்ட வேற எதுவும் இல்ல" என்றார். தண்ணீர் தலைக்கு மேல் மூடியது.

மேலே வந்தபோது காது அடைத்திருந்தது. ஆமென்கள் எங்கோ தூரத்தில் கேட்டன. அவற்றுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"என்னை இறக்கறதுக்கு யாராவது இருக்கீங்களாப்பா? குளிர் தாங்கல."

எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றதில் பெயிண்டரை அப்படியே தொங்கவிட்டு மறந்திருந்தார்கள். வெல்டர் சொட்டச் சொட்ட ஓடி, சங்கிலியை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து இறக்க ஆரம்பித்தார்.

"மெதுவா" என்றார் பெயிண்டர்.